ஸ்கூகாக் ஏரியும் ஓர் ஐஸ் பெட்டியும்

ஐஸ் பெட்டி நிறைய மீனோடு வருகிறேன், கூழுக்கு ஆயத்தம் செய் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் ஜூலைச் சனிக்கிழமை ஒன்றில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஸ்கூகாக் ஏரிக்குப் புறப்பட்டேன். கூட வந்தவர்கள் பதினொரு வயது மகளும் ஏழு வயது மகனும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் என்ற திமிர் எனக்கு.

ஏரிக்கரை ஊரான போர்ட் பெரியில் மண்புழு வாங்கினோம். தயிர் டப்பா போன்ற ஒன்றில் ஒரு டசின். வெயிலில் வைத்தால் செத்துவிடும், குளிரில் வைத்திரு என்று கடைக்காரர் மகனிடம் சொன்னார். அவன் டப்பாவை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

கனடாவில் மோட்டார் படகு ஓட்டுவதற்குத் தகுதி அட்டை வேண்டும். என்னிடம் இல்லை. வாடகைப் படகென்றால், பாதுகாப்பு விதிகளை ஒவ்வொன்றாக விளக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். உயிர்காப்பு அங்கி, விசில், துடுப்பு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மோட்டாரின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. துறையடியிலேயே மூன்று வட்டம் அடித்தோம். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஸ்கூகாக் இயற்கையாக இப்படி இருந்த ஏரி அல்ல. 1830 வாக்கில் லிண்ட்சேயில் ஆலைக்காக ஓர் அணை கட்டப்போய், பின்னால் இருந்த தாழ்நிலம் எல்லாம் நீரில் மூழ்கியது. பல இடங்களில் இன்றும் ஆளுயரம்கூட இல்லை. அடி முழுவதும் நீர்க்கொடி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டார் முக்கியது. அதைத் தூக்கி, விசிறியில் சுற்றிய கொடியைப் பிய்த்து எறிந்து, மறுபடி கிளப்பி, கடைசியில் அலுத்துப்போய் நின்ற இடத்திலேயே நங்கூரம் போட்டேன்.

மீன்பிடி உரிமம் என் சட்டைப்பையில் இருந்தது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு அது வேண்டியதில்லை. உரிமம் எடுத்தவன் அன்று தூண்டிலைத் தொடவே இல்லை. ஒருவனுடைய நூல் சிக்கை அவிழ்ப்பதற்குள் மற்றவளுடைய தூண்டில் கொடியில் மாட்டியிருக்கும். மகள் புழுவைத் தொட மாட்டாள், மகன் புழுவைத் தவிர வேறெதையும் தொட மாட்டான். நடுவில் அவனுக்குச் சிறுநீர் வேறு வந்தது. அந்த வாளியின் பயன் அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

கிடைத்ததெல்லாம் பம்கின்சீட். உள்ளங்கை அகலம், மஞ்சள் வயிறு, செவுள் மடலில் ஒரு செம்பொட்டு. அழகுதான், கூழில் போட்டால் முள்தான் மிஞ்சும். பத்துப் பன்னிரண்டைப் பிடித்துப் பிடித்து விட்டோம். பசிக்கு, ஸ்காபரோவில் வாங்கிவந்த மீன் பணிஸைத் தின்றோம்.

மதியம் தாண்டி மகளின் மிதவை மேலே துடிக்காமல், நேராக உள்ளே போனது. கோல் வளைந்தது. அவள் அலறவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். பக்கத்தில் வந்ததும் கண் தெரிந்தது, கண்ணாடிக் குண்டு மாதிரி. வால்ஐ! என் முழங்கை நீளம் இருக்கும். ஒன்ராறியோ நன்னீரில் இதைவிடச் சுவையான மீன் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

இந்த ஏரியில் மீன் தொகை குறைந்துபோனதால் 2016 முதல் வால்ஐ பிடிக்கத் தடை. தவறி மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் ஐஸ் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு படகு இல்லை. ஒரு கணம் சுற்றிப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

மகள் அதற்குள் கையை ஏரியில் நனைத்திருந்தாள்.

“அப்பா, குறட்டை எடுங்கள். கெதியாக.”

எடுத்துக் கொடுத்தேன். கொக்கி கழன்றது. மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தாள். அது வாலை ஒருமுறை அடித்து, என் முகத்தில் தண்ணீரை வீசிவிட்டுக் கொடிக்குள் போய்விட்டது.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து ஐஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில்தான் சத்தம் கேட்டது. மீந்த புழுக்களைச் சாகவிடக் கூடாதென்று மகன் குளிர்சாதனப் பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.