கடத்தல் கதை எழுதுகிறேன்: பதினோராவது வாரம்

நேற்று இரவு ஒன்பதாவது அத்தியாயத்தை முடித்தேன். இதுவரை 21,000 சொற்கள். இது இரண்டாவது முறை எழுதுவது. முதல் முறை எழுதியதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டேன்.

முதல் முறை எல்லாவற்றையும் மறைத்தேன். பெண் எங்கே, கடத்தியவன் யார் என்று எதையும் சொல்லவில்லை. படித்த நண்பர் ஒருவர், "அந்தப் பொண்ணு எங்க இருக்கான்னே தெரியலையே, நான் எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டார். இரண்டு நாள் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. இப்போது இரண்டாவது அத்தியாயத்திலேயே வாசகர் அந்த அறைக்குள் போய்விடுகிறார். போலீசுக்குத்தான் தெரியாது.

அப்புறம் ஒரு பெரிய தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அறை, வலப்பக்கம் போலீஸ் என்று மணிவாரியாக எழுதினேன். ஓட்டை உடனே தெரிந்தது. ஐந்தாவது மணியிலிருந்து பதினோராவது மணிவரை போலீஸ் சும்மா நிற்கிறது! செல்போன் டவரை வைத்து வீட்டையே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி எழுதியதால் வந்த வினை.

டவர் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. வழக்கமாக ஒரு டவரின் எல்லை 120 பாகையாக மூன்று செக்டர்களாக, அதாவது விசிறி வடிவத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். போன் எந்தச் செக்டரில் இருந்தது என்பதுதான் அழைப்புப் பதிவில் இருக்கும். ஜிஎஸ்எம் எனும் 2ஜி நெட்வொர்க்கில் தொலைவைக் கணித்தாலும் அது சுமார் 550 மீட்டர் படிகளாகத்தான் வரும். காம்பஸை எடுத்து வரைந்து பார்த்தேன். மூன்று கிலோமீட்டர் தள்ளி என்றால், ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு வளைந்த பட்டை கிடைக்கிறது. ஏறத்தாழ மூன்றரை சதுர கிலோமீட்டர். அதற்குள் எத்தனை கதவுகள்! அந்த ஆறு மணி நேரமும் கதவு தட்டும் நேரமாக மாறியது. ஒரு கான்ஸ்டபிள் சரியான வீட்டுக்கே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள். இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சிசிடிவியிலும் ஒன்று கற்றுக்கொண்டேன். பதிவுக் கருவியின் கடிகாரம் தவறாக ஓடலாம். அதனால் விசாரிப்பவர்கள் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வார்கள். என் கதையில் அதை ஒருவர் மறந்துவிடுகிறார். 17 நிமிட வித்தியாசம். வேறொரு காரின் பின்னால் ஓடுகிறார்கள்.

கடத்தியவன் கேட்கும் பணத்தைப் பற்றி எழுத, 1932இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்ட வழக்கு உதவியது. கொடுத்த நோட்டுகளின் எண்களைக் குறித்து வைத்திருந்தார்கள். 1934 செப்டம்பரில் பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவர் சந்தேகப்பட்டு, தன்னிடம் வந்த நோட்டின் ஓரத்திலேயே கார் எண்ணை எழுதி வைத்தார். அதை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். இரண்டரை ஆண்டு! என் கதைக்கு இருப்பது இரண்டே நாள். அதனால் நோட்டு எண்ணைப் பிடிபடும் வழியாக வைக்காமல், கடத்தியவன் அஞ்சும் பொருளாக மட்டும் வைத்திருக்கிறேன்.

அதிகம் திருத்தியது முதல் போன் காட்சி. முன்பு அவன் ஒரு பக்கம் பேசினான். இப்போது இவ்வளவுதான்:

"குரலைக் கேட்டீங்கல்ல? நாளைக்குக் கூப்பிடுறேன்."

"சாப்பிட்டாளா?"

அம்மா அதைக் கேட்டதும் அவன் ஒரு நொடி பேசாமல் இருக்கிறான். பணத்தைப் பற்றி, போலீசைப் பற்றிக் கேட்டால் சொல்லப் பதில் வைத்திருந்தான், இதற்கு வைத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அறைக்குத் திரும்புகிறான். ஓரத்தில் தட்டு அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பிறகு அவனும் எனக்கு மனிதனாகிவிட்டான்.

அடுத்தது பணம் கைமாறும் அத்தியாயம். பையை மாறுவேடத்தில் ஒரு பெண் காவலர் கொண்டுபோக வேண்டும் என்கிறார் இன்ஸ்பெக்டர். அம்மா விடவில்லை, தானே போவேன் என்கிறாள். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்கப் போகிறேன்.