இடைவேளையில் என்ன மாறுகிறது?

இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இடைவேளை 75ஆவது நிமிஷத்தை ஒட்டி விழும். அங்கே ஒரு அதிர்ச்சியை வைத்தால் போதும் என்று நினைத்து நிறைய ஸ்கிரிப்ட்கள் கவிழ்கின்றன. நாயகனின் தம்பியை வில்லன் கடத்துகிறான், கட். இது வெறும் சம்பவம். தம்பியை மீட்க, பத்து வருஷமாக மறைத்த தன் நிஜப் பெயரை நாயகன் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறான், கட். இனி அவனால் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாது; இரண்டாம் பாதி ஓட இந்த பெட்ரோல் வேண்டும்.

ஆனால் அந்த மறைப்பை முதல் 20 நிமிஷத்துக்குள் விதைத்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத் தயங்கினாலே போதும் (வசனம் வேண்டவே வேண்டாம்). விதைக்காமல் விட்டால், பாப்கார்னோடு திரும்பி வந்து உட்கார்ந்தவருக்கு 25 நிமிஷ ஃப்ளாஷ்பேக் ஓட்டித்தான் விளக்க வேண்டிவரும்.