பதினெட்டாவது கேள்வி

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாய்மாரின் சுமையை எடுத்துக்கொண்டேன். 60 பேர், ஒரு கேள்வித்தாள், பிறகு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்கு என்பதுதான் திட்டம். எண்களை விட்டு, ஆட்களின் பேச்சை ஆராயும் பண்புசார் ஆய்வில் எனக்கு அப்போது நம்பிக்கை கிடையாது. நாலு பேர் சொல்வதை வைத்து எதை நிறுவ முடியும் என்று வகுப்பில் வாதாடியிருக்கிறேன்.

பராமரிப்பவரின் சுமையை அளக்கும் ஜாரிட் அளவுகோலைத் தேர்ந்தெடுத்தேன். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக உருவானது என்றாலும் மற்ற பராமரிப்பாளர்களிடமும் பயன்படுத்துகிறார்கள். தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்து, முன்னோட்டமும் பார்த்துவிட்டுத்தான் களத்தில் இறங்கினேன்.

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் அக்கா. மகனுக்கு 17 வயது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரியில் எழுந்து எழுந்து பார்ப்பது எல்லாம் அவர்தான். மதிப்பெண்ணைக் கூட்டினால் 14 வந்தது. 21-க்குள் இருந்தால் சுமை இல்லை, அல்லது மிகக் குறைவு என்று பொருள். மகனைத் தூக்கித் தூக்கி வீங்கிப்போயிருந்த அவர் மணிக்கட்டைப் பார்த்தபடியே தாளை மடித்துப் பையில் வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கைடிடம் சொன்னேன். "எட்டுப் பேர்கிட்ட மறுபடி போம்மா. தாள் இல்லாம போ" என்றார்.

இந்த முறை அக்கா பூ கட்டிக்கொண்டே பேசினார். பதினெட்டாவது கேள்வி, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிட்டால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அதற்கு அவர் தந்திருந்தது 0. ஏன் என்று இப்போது அவராகவே சொன்னார்: "அன்னிக்கி தாளும் பேனாவுமா வந்தியா, கவர்மென்ட்டு ஆளுன்னு நெனச்சேன் தாயி. கஷ்டம்னு சொன்னா இவன ஹோம்ல கொண்டுபோயி விட்ருவாங்க. மாசம் வர்ற ரெண்டாயிரமும் நின்னுரும்."

அரசின் பராமரிப்பு உதவித்தொகையைச் சொல்கிறார். இந்த ஆய்வுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் தொடர்பில்லை என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது, வாசித்தும் காட்டியிருந்தேன். ஆனால் கையெழுத்துக் கேட்டு வரும் எந்தத் தாளும் அவருக்கு அரசாங்கத் தாள்தான்.

எட்டு ஒலிப்பதிவுகளையும் கேட்டுக் கேட்டு எழுதி, எந்த வரி எதைப் பற்றியது என்று வரி வரியாகக் குறியிட்டேன். "எனக்குப் பெறவு இவன யாரு பாப்பா" என்பது எட்டிலும் வந்தது.

இத்தோடு எண்களை ஓரங்கட்டியிருந்தால் வேறொரு தப்பைச் செய்திருப்பேன். பிள்ளை வளர வளரத் தாயின் சுமையும் கூடுகிறது என்று எழுதத் தயாராக இருந்தேன். 60 பேரையும் அட்டவணையில் போட்டபோது வயதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலையைப் பகிர வீட்டில் இன்னொரு ஆள் உண்டா இல்லையா என்பதில்தான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், பகலில் வீட்டில் கிடைத்தவர்களைத்தான் நான் நேர்காணலுக்குப் பிடித்திருக்கிறேன். எட்டுப் பேருமே பள்ளி வயதைத் தாண்டிய பிள்ளைகளின் தாய்மார். இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா என்று எண்ணிக்கையை வைத்துப் பார்க்கும் கை-வர்க்கச் சோதனையிலும் அட்டவணையின் பல கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போனதால், நான்கு வகைகளை இரண்டாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்த 14-ஐ என்ன செய்தாய் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டார்கள். திருத்தவில்லை, அட்டவணையில் 14 ஆகவே இருக்கிறது என்றேன். அடுத்த அத்தியாயத்தைத் திருப்பி, அக்கா சொன்னதை அவர் பேச்சிலேயே வாசித்துக் காட்டினேன்.