கஸ்தானியா மரத்துத் தழும்பு

ஒக்டோபர் வந்தால் ஞாயிறு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கஸ்தானியா பொறுக்கப் போவேன். சுவிற்சர்லாந்தின் திச்சினோ மாநிலத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இங்கே இத்தாலி மொழிதான் என்பதால் செஸ்நட் என்ற சொல் என் வாயில் வராது. முள்ளுக்கோதைச் சப்பாத்தால் மிதித்து உருட்டினால் உள்ளே இரண்டு மூன்று கொட்டை இருக்கும். கீறி அவித்துத் தின்றால் எனக்குப் பனங்கிழங்கு ஞாபகம் வரும்.

போன கிழமை ஒரு பெரிய மரத்தடியில் நின்று, "அப்பா, இதுக்கு என்ன காயம்?" என்றாள் மகள். பட்டை வெடித்து வீங்கி, ஓரமெல்லாம் தடித்துப் பொருக்குக் கட்டியிருந்தது. பக்கத்து இளமரத்தில் கதை வேறு. பட்டை உள்வாங்கி, குண்டூசித் தலை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள். அதற்கு மேலே இலை முழுக்கக் கருகித் தொங்கியது.

இரண்டுக்கும் நோய் ஒன்றுதான், ஒரு பூஞ்சணம். ஊரில் பங்கசு என்று படித்தோமே, அதுதான். 1904இல் நியூயோர்க் விலங்குக் காட்சிச்சாலையில் கண்டார்கள். அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவில் முந்நூறு கோடிக்கு மேல் மரங்கள் போய்விட்டன. 1938இல் இத்தாலியின் ஜெனோவாப் பக்கம் வந்தது, 1948இல் இங்கே. மலைச்சனத்துக்குப் பாண் மாதிரி இருந்த மரம். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் 1950களில் இத்தாலியில் பிராகி என்ற ஆய்வாளர், சில மரங்களில் புண் தானாக ஆறுவதைக் கண்டார். பிறகு பிரான்சில் கிரான்த் என்ற ஆய்வாளர் அந்த மாதிரிப் புண்ணிலிருந்து பூஞ்சணத்தை எடுத்து வளர்த்தால், செம்மஞ்சளாக வரவேண்டியது வெள்ளையாக வந்தது. பூஞ்சணத்துக்கே வருத்தம்! அதற்குள் ஒரு வைரஸ் இருந்து அதைச் சோர்வாக்கியிருக்கிறது. சோர்ந்த பூஞ்சணம் பட்டையோடு நின்றுவிடுகிறது, உள்ளே போய் மரத்தைக் கொல்ல முடிவதில்லை. பெரிய மரத்தில் மகள் கண்ட வீக்கமும் அப்படி ஆறிய புண்தான் போல.

இந்த வைரஸ் பரவும் விதம்தான் எனக்கு விசித்திரம். இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. அதற்குப் புரத உறைகூடக் கிடையாது, வெளியே வந்தால் பிழைக்காது. இரண்டு பூஞ்சண இழைகள் முட்டி ஒன்றாக ஒட்டினால் அந்த வழியால் மற்றதற்குள் போகும். இல்லாவிட்டால், பூஞ்சணத்துக்கு விதை மாதிரியான வித்திகளில், சேர்க்கை இல்லாமல் உண்டாகும் பாலில்லா வித்திகளில் ஏறி மழைத்தண்ணியோடு போகும். பாலினச் சேர்க்கையால் உண்டாகும் வித்திகளில் அது ஏறுவதேயில்லை.

ஒட்டுவதற்கும் சாதகம் பார்க்கிறதுகள் என்றால் நம்புவீர்களா? குறிப்பிட்ட சில மரபணுக்கள் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் ஒட்டிய இடத்துக் கலங்கள் செத்துப்போகும், வைரஸ் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஐரோப்பாவில் பூஞ்சண வகைகள் குறைவு, ஆகவே பொருத்தம் சுலபம். புண்ணைச் சுற்றித் துளை போட்டு, வைரஸ் உள்ள பூஞ்சணத்தைக் களியாக அடைத்தே மரங்களைக் காப்பாற்றினார்கள். அமெரிக்காவில் வகைகள் அதிகம், அதே வைத்தியம் காட்டில் பரவவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் கேட்டாள், "அப்ப பெரிய மரத்துப் பட்டையில கொஞ்சம் சுரண்டிச் சின்ன மரத்துக்குப் பூசுவமா?"

"பொருந்துமோ தெரியாதே, பிள்ளை" என்றேன். அவள் அதற்குள் கிளைத்துண்டு ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டாள்.