74 டிகிரி வெந்நீர் போதும்

அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் போல உள்ளே போனால் சேனா வெந்நீர் ஊற்று. பொது மின்கம்பி அங்கே எட்டாது, 2006 வரை டீசல் ஜெனரேட்டர்தான், ஒரு யூனிட்டுக்கு 30 சென்ட் ஆனது. தரைக்கடியில் கிடைப்பதோ 74 டிகிரி தண்ணீர், டீ போடக்கூடச் சூடு பற்றாது, இதில் எங்கே கரண்ட் எடுப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். எடுத்தார்கள்! கார் ஏசிக்கு மெக்கானிக் அடிப்பாரே ஆர்-134ஏ கேஸ், திரவமாக இருக்கும் அதை இந்த வெந்நீரால் சூடாக்கினால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி, கரண்ட் தரும் டர்பைனைச் சுற்றுகிறது, அப்புறம் குளிர்ந்த நீர் பட்டதும் மறுபடி திரவமாகிவிடுகிறது. வெந்நீருக்கும் குளிருக்கும் வித்தியாசம் பெரிதானால் கரண்டும் கூடும், அதனால் குளிர் கூடக் கூட நல்லது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். யூனிட் விலை 10 சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது அங்கே பசுமைக்குடிலில் தக்காளி பழுக்கிறது.

டீசலை நம்பியே குளிர்காலத்தைத் தள்ளும் வடக்கத்தி ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன, எல்லா இடத்திலும் வெந்நீர் இவ்வளவு மேலே கிடைக்காது, துளையிடும் செலவுதான் பெரிய தடை. சரி, அந்தச் செலவை அரசுகள் ஏற்கலாமே? கனடாவின் ஃபோர்ட் நெல்சனில் பூர்வகுடி மக்களே பழைய எரிவாயு வயலில் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். 2021-ல் அந்நாட்டு அரசு அதற்கு 4.05 கோடி டாலர் அறிவித்தது.