ரிங்லெட்: டாக்சி கொள்ளை, மட்டன் பெரட்டல், சேற்று ஆறு

தாப்பாவிலிருந்து மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டுக்கு ஏறும் பேருந்தை முதலில் திட்டிவிடுகிறேன். ஏர்கோன் ஓடவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, வளைவுக்கு வளைவு பின்சீட்டுப் பையன் வாந்தி. இறங்கிப் பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு டாக்சி கேட்டால் ஐம்பது வெள்ளியாம் (ரிங்கிட்)! பேரம் பேசி முப்பதுக்கு இறக்கினேன். ராத்திரிச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போச்சு.

ஆனால் அந்த டாக்சி அண்ணன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். "இந்த ஆத்தோரம் இருந்த வீடெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க தம்பி," என்று அவரே ஆரம்பித்தார்.

மேலே சுல்தான் அபு பாக்கார் அணை, மின்சாரத்துக்காக 1960களில் கட்டியது. சரிவுகளை வெட்டிக் காய்கறி போடப் போட, மண் கரைந்து ரிங்லெட் ஏரியில் வந்து படிகிறது. ஏரி மேடாகிப்போனால் ஒரு ராத்திரி மழைக்கே நிரம்பிவிடும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அதுதான் நடந்தது. அணையைத் திறந்தார்கள், பெர்த்தாம் ஆறு சேறும் மரமுமாய்க் கரையேறி ஆட்களையும் வீடுகளையும் அடித்துப் போனது. ஆற்றை ஒட்டிக் குடியிருந்தவர்களில் நிறையப் பேர் காய்கறித் தோட்டத்துக் கூலிகள், வெளிநாட்டுக்காரர்கள். வேறு எங்கே வாடகை கட்டுவார்கள்?

கேட்டால் "மழை ஜாஸ்தி" என்கிறார்கள். சரி, மழை கூடுவது உண்மைதான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். ஆனால் மலை முழுக்கப் போர்த்தியிருக்கும், காய்கறி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களையும் பாருங்கள். மண்ணில் ஊற வேண்டிய தண்ணீர் கூரையில் வழிந்து நேராக வாய்க்காலுக்குப் பாய்கிறது. அதை வானமா கட்டியது?

2024 ஜனவரியில் இதே கேமரன் மலையில், கம்போங் ராஜா பக்கம் புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து பேர் புதைந்தார்கள். ஐவரும் மியன்மார் தொழிலாளர்கள். சிலாங்கூரின் பத்தாங் காலியில் 2022 டிசம்பரில் மண் சரிந்து 31 பேர் இறந்ததை நாடே பேசியது. அங்கே பெரும்பாலும் விடுமுறைக்குக் கூடாரம் போட்டவர்கள். தோட்டக் கூலிக்குச் சரிவடியில்தான் தினமும் படுக்கை.

பேசிப் பேசிப் பசி வந்துவிட்டது. ரிங்லெட் கடைத்தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மட்டன் பெரட்டல் கறுப்பாக, மிளகு தூக்கலாக, எலும்போடு ஒட்டி வந்தது. விரலில் பிசுபிசுப்பு கழுவியும் போகவில்லை. கூடவே முருங்கைக்கீரை, ரசம், பொரித்த அப்பளம், எல்லாம் பதினான்கு வெள்ளி. கடைக்கார அக்கா கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். "மழை பெய்ஞ்சா இந்த ரோட்டுல நிக்காதீங்க, சாப்பிட்டதும் கிளம்பிருங்க," என்றார். அவருடைய தங்கை வீடு ஆற்றுக்குப் பக்கத்தில்தானாம். மாறுங்கள் என்றால், "மேட்டுல வாடகை யாரு குடுக்குறது?" என்று என்னையே கேட்டார்.

போகிறவர்களுக்கு: அக்டோபர், நவம்பரில் காலையிலேயே ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். டாக்சிக்கு முதலில் சொல்லும் விலையில் பாதி சொல்லுங்கள். ஸ்ட்ராபெரி வாங்காதீர்கள், ஒரே புளிப்பு.