பெட்டி, மலை, மழை: கோலாலம்பூரிலிருந்து டிரேசர் 9 ஜிடி சோதனை ஓட்டம்

சாவியை வாங்கிக்கொண்டு கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தால் இருக்கை உயரம் தெரியும், சைலன்சர் சத்தம் தெரியும், முறுக்கினால் எப்படிப் பாயும் என்பதும் தெரியும். ஸ்போர்ட்ஸ் டூரிங் வண்டி, அதாவது வேகத்தோடு நீண்ட பயணத்துக்கும் ஏற்ற வண்டி, வாங்குகிறவருக்கு இது போதாது. இரண்டு மணி நேரம் கழித்து மணிக்கட்டு வலிக்கிறதா, பெட்டி மாட்டியபின் 110-ல் வால் ஆடுகிறதா, ஜாமில் தொடை வேகிறதா, ஈரமான வளைவில் முன் சக்கரத்தை நம்ப முடிகிறதா என்பதெல்லாம் பதினைந்து நிமிடத்தில் வெளிவராது. அரை நாளாவது கேட்டு வாங்குங்கள். கடை தராவிட்டால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதில் தவறே இல்லை. ஒத்துவராத வண்டியை ஒரு வருடத்தில் விற்கும்போது போகிற பணத்தோடு ஒப்பிட்டால் அந்த வாடகை சிறிது.

பாதையைப் பொறுத்தவரை கோலாலம்பூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பத்துமலையிலிருந்து ஜாலான் சுங்கை துவா வழியாக உலு யாம், பத்தாங் காலி, கோல குபு பாரு. அங்கிருந்து கூட்டரசுச் சாலை 55-இல் ஏறினால் ஃபிரேசர் மலைக்குப் பிரியும் ‘தி கேப்’. மறுபுறம் பகாங்கில் இறங்கி, 8-ஆம் எண் சாலையில் பெந்தோங், பிறகு காராக் நெடுஞ்சாலை வழி கோம்பாக். 200 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். நகர ஜாம், குறுகிய வளைவு, நீண்ட ஏற்றம், பாசி படிந்த இறக்கம், அதிவேக நெடுஞ்சாலை எல்லாம் இந்த ஒரே சுற்றில் அடங்கிவிடும். வேலை நாளில் போவது நல்லது. ஞாயிறு காலையில் இதே சாலையில் சைக்கிள்காரர்களும், பந்தயம் போல ஓட்டுகிற கூட்டமும் சேர்ந்துகொள்வார்கள். அப்போது வண்டியைக் கவனிக்க முடியாது, ஆட்களைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும்.

வண்டி 2021-இல் புது வடிவில் வந்த யமஹா டிரேசர் 9 ஜிடி. மூன்று சிலிண்டர், 890 சிசி, 10,000 ஆர்பிஎம்மில் 119 பிஎஸ் குதிரைத்திறன், 7,000-த்தில் 93 நியூட்டன் மீட்டர் இழுவை. 19 லிட்டர் டேங்க் நிரம்பிய எடை 220 கிலோ. 250 சிசிக்கு மேல் என்பதால் பி2 உரிமம் செல்லாது, முழு பி வேண்டும். சோதனை ஓட்டத்தில் விழுந்தால் காப்புறுதி எவ்வளவு ஏற்கும், உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஓடோமீட்டரையும் பாருங்கள். 1000 கி.மீ.கூட ஓடாத வண்டியென்றால் எஞ்சின் இன்னும் பழகவில்லை, நீண்ட நேரம் உச்ச ஆர்பிஎம்மில் வைக்கக் கூடாது. டயரும் அப்படித்தான். புது டயரின் வழவழப்பான மேல்பரப்பு தேய, முதல் 150 கி.மீ. வரை சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் வேலை டயர்க் காற்று: முன் 250, பின் 290 கேபிஏ, அதாவது 36, 42 பிஎஸ்ஐ. நம் பெட்ரோல் நிலையக் காற்று இயந்திரங்கள் கேபிஏ கணக்கில்தான் காட்டும் என்பதால் அந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது வசதி. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியபின் காட்டும் கூடுதல் எண்ணைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. அப்படி இறக்கிய வண்டி அடுத்த நாள் காலையில் திரும்பவே சோம்பும், பழி சஸ்பென்ஷன் மேல் விழும்.

அடுத்தது பின் ஸ்பிரிங். இதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு ‘வண்டி சரியில்லை’ என்பவர்களே அதிகம், அதனால் விரிவாகவே சொல்கிறோம். நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே, வால் பகுதியில் ஒரு புள்ளி வரை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே இறக்கி, ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து, இரு காலும் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்க, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இடத்தை மீண்டும் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் சஸ்பென்ஷன் பயண நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். டிரேசரின் பயணம் 137 மி.மீ. என்பதால் 35 முதல் 45 வரை சரி. அதைவிட அதிகம் அமுங்கினால் பின்புறம் தாழ்ந்து முன் சக்கரம் லேசாகும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும். குறைவாக அமுங்கினால் மேடு பள்ளத்தில் பின் டயர் தரையை விட்டுத் துள்ளும். பின் சஸ்பென்ஷனின் குமிழைக் கையால் திருகியே இதைச் சரிசெய்யலாம். சஸ்பென்ஷன் தானாகவே மாறும் வகை என்றாலும், அப்படி மாறுவது டேம்பிங், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் வேலை, மட்டும். உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங் இறுக்கத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

இருக்கைக்கு 810, 825 மி.மீ. என்று இரண்டு நிலை. ஹேண்டிலுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் அப்படியே இரண்டு நிலை உண்டு. கால் நன்றாக ஊன்றவில்லையே என்று உடனே தாழ்த்திவிடாதீர்கள். தாழ்ந்த இருக்கையில் முழங்கால் அதிகம் மடங்கும், அந்த வலி பெந்தோங்கில்தான் தெரியும்.

பெட்டிகளை மாட்டியே எடுங்கள், அதுவும் காலியாக வேண்டாம். பக்கத்துக்கு 30 லிட்டர். பெட்டிக்குள் ஒட்டியுள்ள எடை வரம்பைப் படித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று வைத்தால் பக்கத்துக்கு நாலரைக் கிலோ ஆகிறது. துணியைச் சுற்றி அசையாமல் இறுக்குங்கள். உள்ளே உருளும் பாட்டில் வண்டியின் குறையைப் போலவே தோன்றும்.

மெனுவில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரேக் கட்டுப்பாட்டுக்கு பிசி1, பிசி2 என்று இரண்டு. பிசி1 சாதாரண ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது. பிசி2-வில்தான் ஆறு அச்சு உணரி வண்டியின் சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பிரேக் அழுத்தத்தை மட்டுப்படுத்தும். மலைக்குப் போகிறவர் பிசி2-வில் வைக்கட்டும். இரட்டை 3.5 அங்குலத் திரையில் எழுத்து சிறிது. கண்ணாடி போடுபவர்கள் இதையெல்லாம் ஓட்டத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும், சிக்னலில் நின்று தேடக் கூடாது.

காலை ஏழரைக்கு ஜாலான் ஈப்போ பக்கம் நுழைந்தால் ஜாமுக்குப் பஞ்சமில்லை. மெதுவாக ஊர்ந்து பாருங்கள். முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி நடை வேகத்தில் போக முடிகிறதா? எஞ்சின் எவ்வளவு துடிப்பாகப் பாயும் என்பதை மாற்றும் டி-மோடில் நான்கு நிலை; 1-இல் ஆக்ஸிலரேட்டர் மிகக் கூர்மையாக இருக்கும், நகரத்தில் 3 போதும். ரேடியேட்டர் மின்விசிறி சுழலத் தொடங்கும்போது சூடான காற்று எந்தக் காலில் படுகிறது என்று கவனியுங்கள். இந்தச் சோதனைக்கு ஜீன்ஸ் போடாமல், நீண்ட பயணத்துக்குப் போடும் கால்சட்டையையே போட்டுக்கொள்ள வேண்டும். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் க்விக் ஷிஃப்டரை இங்கே எடை போடாதீர்கள். எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது இழுவையை ஒரு கணம் வெட்டித்தான் அது கியரை நழுவவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவையே இல்லாததால் உதைக்கத்தான் செய்யும். அங்கே கிளட்ச்தான் சரி. காருக்கு நடுவே நுழைவதற்கு முன் பெட்டியின் அகலத்தை நினைவில் வையுங்கள். ஹேண்டில் போன இடத்தில் பெட்டியும் போகும் என்ற நினைப்பில்தான் முதல் கீறல் விழுகிறது.

பத்துமலை முருகனை இடது கண்ணால் கும்பிட்டுவிட்டு சுங்கை துவா சாலையைப் பிடித்தால் வளைவுகள் ஆரம்பம். பத்து அணையை ஒட்டிய இந்தப் பகுதி டயரைச் சூடாக்கவும் கையைப் பழக்கவும் மட்டும். சைக்கிள்கள் வரும், குரங்குகள் குறுக்கே ஓடும், மர நிழலில் இரவு ஈரம் பத்து மணி வரை காயாது. சஸ்பென்ஷனை ஏ-2 எனும் மென்மை நிலையில் வைத்து, தார் ஒட்டுப்போட்ட ஓர் அரைக் கிலோமீட்டரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதே துண்டைத் திரும்பி வந்து ஏ-1-இல் ஓட்டுங்கள். வேகமும் கோடும் மாறக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடுப்பில் தெரியும். வெவ்வேறு சாலையில் ஒப்பிட்டால் சாலையைத்தான் ஒப்பிடுவீர்கள்.

கோல குபு பாருவில் டேங்கை நிரப்புங்கள். அதை விட்டால் மலை தாண்டும் வரை பம்பு கிடையாது. ரோன் 95 போதும், எஞ்சினின் அழுத்த விகிதம் 11.5:1 தான். ரொட்டி சானாய் சாப்பிடுகிற பதினைந்து நிமிடத்தில் உடம்பைக் கேட்டுப் பாருங்கள். உள்ளங்கை மரத்திருந்தால் எடை கையில் இறங்குகிறது, ஹேண்டில் நிலையை மாற்ற வேண்டும். பின்பக்கம் வலித்தால் இருக்கை நுரை உங்களுக்கு ஒத்துவரவில்லை, அதை எந்த அமைப்பும் சரிசெய்யாது. வேறு இருக்கைக்கான செலவை இப்போதே விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

55-ஆம் எண் சாலைதான் இந்த ஓட்டத்தின் உயிர். சிலாங்கூர் ஆற்று அணையைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைந்து, தொடர்ந்து வளைந்தபடியே ஏறும். மூன்று சிலிண்டர் எஞ்சினின் அருமை இங்கே விளங்கும். முழு இழுவை 7,000-த்திலேயே வந்துவிடுவதால் மூன்றாவது கியரில் நுழைந்து, அதே கியரில் வெளியேறலாம். கவாசாகி நிஞ்சா 1000எஸ்எக்ஸ் 111 நியூட்டன் மீட்டரை 8,000-த்தில் தருகிறது, சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000ஜிடி 106-ஐ 9,250-இல் தருகிறது. எண்ணில் அவை பெரியவை. ஆனால் இப்படிப்பட்ட சாலையில் அந்த உச்சத்தைத் தொட இடமே கிடைக்காது. எங்கள் கணிப்பில் மலேசிய மலைச்சாலைக்கு டிரேசரின் எஞ்சினே பொருத்தம். திறந்த நெடுஞ்சாலையே முக்கியம் என்பவர்கள் நான்கு சிலிண்டரின் வழவழப்பைத் தேர்ந்தால் குறை சொல்ல மாட்டோம்.

நாம் இடப்புறம் ஓட்டுகிறோம். வலது வளைவில் சாயும்போது சக்கரம் நம் பாதையில் இருந்தாலும் தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதையில் இருக்கும். எதிரே லாரி வந்தால் அது இடிக்கப்போவது தலையை. ஆகவே வலது வளைவுக்குள் இடது ஓரமாகவே நுழைந்து, வளைவின் மறுமுனை கண்ணில் பட்ட பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். 1951 அக்டோபர் 6 அன்று மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கப்பட்டு உயிரிழந்தது இந்தச் சாலையில்தான். பதுங்கியவர்களுக்கு வசதியாக அமைந்த அதே குருட்டு வளைவுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

தி கேப்பிலிருந்து இறங்கும்போது பிரேக்கைச் சோதியுங்கள். முன் லீவரை இரண்டு விரலால் தொடர்ந்து பிடித்தபடி வராதீர்கள். கியரை இறக்கி எஞ்சினால் வேகத்தைக் கட்டி, வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து வளைவுக்குப் பிறகும் லீவர் அதே இடத்தில் கடினமாக நிற்க வேண்டும். கைப்பிடியை நோக்கி நெருங்கி வந்தால் பிரேக் ஆயில் கொதிக்கத் தொடங்கியிருக்கும், அல்லது குழாயில் காற்று இருக்கும். புது வண்டியில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம், கடையில் கட்டாயம் சொல்லுங்கள். சாலை நடுவில் பச்சையாகத் தெரிவது பாசி. டயர் ஓடும் இரு தடங்களில் ஒன்றிலேயே வண்டியை வைத்துக்கொண்டால் போதும்.

பெந்தோங்கை அடைந்தால் மதியம் ஆகியிருக்கும், மேற்கே கருமேகம் திரளும். மழை வந்தால் ஒதுங்காமல் ஓட்டிப் பார்ப்பது நல்லது, இடியோடு கொட்டினால் மட்டும் நின்றுவிடுங்கள். முதல் பத்து நிமிட மழைதான் அதிகம் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர்த்தூளும் அப்போதுதான் மிதந்து மேலே வரும், பிறகுதான் கழுவிப் போகும். டி-மோடை 4-க்கு மாற்றுங்கள். மேம்பாலத்தின் இரும்பு இணைப்புப் பட்டைகளை நிமிர்ந்தபடி, பிரேக்கும் முறுக்கலும் இல்லாமல் தாண்ட வேண்டும்.

காராக் நெடுஞ்சாலையில் வேக வரம்புப் பலகை பகுதிக்குப் பகுதி மாறும், அதை மதித்தே இந்தச் சோதனையைச் செய்யலாம். மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. ஆனால் டோல் சாவடியின் இடது ஓரப் பாதை குறுகலானது, பெட்டியோடு மெதுவாக நுழையுங்கள். க்ரூஸ் கண்ட்ரோல் 50 கி.மீ.க்கு மேல், நான்காம் கியரிலிருந்து வேலை செய்யும். கண்ணாடித் தடுப்பை ஒற்றைக் கையால் 50 மி.மீ. வரை ஏற்றி இறக்கலாம். ஹெல்மெட் அதிர்ந்தால் பலரும் மேலே ஏற்றுவார்கள். சில உயரக்காரர்களுக்கு இறக்குவதே தீர்வு. தடுப்பின் மேல் விளிம்பில் கலங்கும் காற்று ஹெல்மெட்டின் மேல் பாதியில் மோதுவதுதான் அந்த அதிர்வு. தடுப்பை இறக்கினால் அந்தக் கலங்கல் மார்புக்குப் போய், தலைக்குத் தெளிந்த காற்று வரும். இடது கையை உயர்த்திப் பார்த்தால் கலங்கல் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று விரலே சொல்லிவிடும்.

கெந்திங் செம்பா சுரங்கம் தாண்டி கோம்பாக் நோக்கிய இறக்கத்தில் லாரிகளின் பின்காற்றில் வண்டி அசையும். ஓர் அசைவோடு அடங்கினால் கவலையில்லை. தொடர்ந்து பாம்பு போல நெளிந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கும் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறைத்து, உடம்பைத் தாழ்த்துங்கள். காரணம் பெரும்பாலும் பின்பக்க எடை, தளர்ந்த ஸ்பிரிங், குறைந்த காற்று ஆகிய மூன்றில் ஒன்றுதான். நின்று, பெட்டியைக் கழற்றிவிட்டு அதே வேகத்தில் மீண்டும் ஓட்டினால் எது என்று பிரித்தறியலாம்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் நடு ஸ்டாண்டில் ஏற்றிச் செயினின் தொய்வை மூன்று இடங்களில் பாருங்கள். புதுச் செயின் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும். ஓரிடத்தில் இறுக்கமும் வேறிடத்தில் தொய்வுமாக இருந்தால் அது நல்லதல்ல. கடைசியாக முழு டேங்க் ஊற்றுங்கள். ஒரு ஊரில் நடு ஸ்டாண்டிலும் இன்னொன்றில் பக்க ஸ்டாண்டிலும் ஊற்றினால் கணக்கு ஒரு லிட்டர் வரை தப்பும், ஆகவே கோல குபு பாருவில் நின்ற அதே ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அங்கிருந்து 140 கி.மீ. ஓடி 7 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 20 கி.மீ. கிடைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 19 லிட்டரில் 3 லிட்டரை ஒதுக்கிவிட்டு, 320 கி.மீ.க்கு ஒருமுறை பம்பு தேடலாம்.